முப்பத்தேழாம் பெட்டியின் பொய்ச்சாட்சி

காற்றுக்கு வாய் இல்லை. ஆனாலும் ஒரு பெண்ணைத் தொழிற்சாலையை விட்டுத் துரத்துவதற்காக, அந்தக் காற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள்.

சாட்சியம் மேசைமேல் கிடந்தது. பதினோரு தாள்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் கைபேசி நிறுவனத்தின் வண்ண முத்திரை.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் 'புகார் அக்கா' என்றே அழைத்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார் மேசையில் அமர்ந்து, மக்கள் சொன்ன உண்மையையும் நிறுவனம் சொன்ன சமாதானத்தையும் ஒரே காதில் கேட்டுக் கேட்டு, எது எதுவெனப் பிரித்தறியும் வித்தையைக் கற்றவர். ஒரு நாள் சமாதானம் சொல்லிச் சொல்லி நாக்கு கசந்துபோய், வேலையை உதறிவிட்டு இந்தத் துப்பறியும் நிலையத்தைத் தொடங்கினார். சுவரில் சாய்ந்து நின்றவர் அவருடைய உதவியாளர். பரிசோதகரோடு சண்டையிட்டதற்காகப் பேருந்திலிருந்து நிரந்தரமாக இறக்கிவிடப்பட்டவர். வேலைதான் போயிற்று, 'கண்டக்டர்' என்ற பெயர் போகவில்லை.

எதிரே நின்ற பெண், ஆயத்த ஆடை ஆலையில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்.

"நாலு மணிக்கு விசாரணை அக்கா. ஆறு மணிக்கு என்னைப் போலீஸ்ல ஒப்படைச்சிடுவேன்னு மேனேஜர் இப்பவே சொல்லிட்டு அலையறார்."

"விசாரணைக்கு முன்னாடியே முடிவா?"

"பஸ் கிளம்பறதுக்கு முன்னாடியே எங்க இறங்கணும்னு அவரே சொல்லிட்டார் அக்கா," என்றார் கண்டக்டர்.

குற்றச்சாட்டு இதுதான். சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்கு, 'ஒழுக்கம்' என்ற தலைப்பில் உரை நிகழ்த்த, மூன்றாம் மாடியில் தைத்துக்கொண்டிருந்த நூற்று எண்பது பெண்களையும் மேலாளர் முற்றத்துக்கு இறக்கினார். ஒரு மணி நேரம் ஒழுக்கம் பொழிந்தது. பெண்கள் திரும்பி மேலே போனபோது நாற்பது இயந்திரங்களின் மோட்டார் கம்பிகள் அறுபட்டிருந்தன. அன்று மெக்கானிக் விடுப்பில் இருந்தார். ஆயினும் கைபேசி நிறுவனம் சான்றளித்துவிட்டது: அவருடைய கைபேசி அன்று இரண்டு முப்பத்திரண்டு முதல் இரண்டு ஐம்பத்தொன்று வரை, மூன்றாம் மாடி இயந்திரக் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கும் முப்பத்தேழாம் எண் வைஃபை பெட்டியில் இணைந்திருந்தது.

"நீ எங்க இருந்தேம்மா?"

"ஆஸ்பத்திரியில. நாத்தனாருக்கு ஏழாவது மாசம், ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு மணிநேரம் ஹால்ல உட்கார்ந்திருந்தோம். சீட்டுல அவ பேர்தான் இருக்கு. கூட வந்தவங்க பேரை யாரு எழுதறாங்க? நாத்தனார் சொன்னா சொந்தக்காரி சாட்சி செல்லாதுங்கறாங்க."

"நாத்தனார் அண்ணிக்கு ஆதரவா பேசறதே பெரிய அதிசயம். அதுக்கே விடுதலை கொடுக்கணும்," என்றார் கண்டக்டர்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "என்னை ஏன் துரத்தணும்னு உங்களுக்குத் தெரியணும் அக்கா. எங்க ஹால்ல பின்பக்கம் ஒரு அவசரக் கதவு இருக்கு. வெளிப்பக்கமா பூட்டி வச்சிருக்காங்க. துணி திருடிட்டுப் போயிடுவோமாம். ஒரு மெஷின் தீப்பிடிச்சா நூத்தி எண்பது பேரும் ஒரே படியில இறங்கணும். பூட்டை எடுங்கன்னு கையெழுத்து வாங்கினவ நான். நான் போயிட்டேன்னா அந்தக் காகிதமும் என்கூடவே போயிடும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். நூற்று எண்பது உயிர்களை ஒரு பூட்டுக்குள் வைத்துவிட்டு, அதன் கீழே நின்று ஒழுக்கம் பேசுகிறவனை என்ன பெயரிட்டு அழைப்பது? அக்கா எந்தப் பெயரும் இடவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினார்.

"இந்தப் பெட்டி எதுக்குன்னு தெரியுமா கண்டக்டர்?"

"சுவத்துல தொங்கும். பச்சை லைட் எரியும். அவ்வளவுதான் நம்ம படிப்பு."

"அலையில ரெண்டு வகை இருக்கு. கம்பெனிக்காரன் ஏலத்துல எடுத்து வேலி போட்டுக்கிட்டது ஒண்ணு. யாரும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்திக்கலாம்னு எல்லாருக்கும் விட்டு வச்சது இன்னொண்ணு. வைஃபை ஓடறது அந்தப் பொது அலையில. டவர்ல கூட்டம் தாங்கலேன்னா, ஜனம் சேர்ற இடத்துல இந்த மாதிரி பெட்டியை மாட்டி, நம்ம போனை நம்மளைக் கேக்காமலே அதுக்குத் தள்ளி விட்டுடறான்."

"ஊர் பொதுக் கிணத்துல இறைச்சு, அவன் குழாய்ல விடறான்னு சொல்லுங்க."

"இறைக்கட்டும். பொதுக் கிணத்துத் தண்ணியைக் காட்டி ஒரு தொழிலாளியைக் குற்றவாளிங்கறானே, அதைத்தான் விடப்போறதில்ல."

சான்றின் வலிமையைக் காட்டுவதற்காக நிறுவனம் அந்தப் பெட்டியின் ஒரு வாரக் கணக்கையும் சேர்த்து இணைத்திருந்தது. பெயர்களும் எண்களும் மறைக்கப்பட்டிருந்தன. எத்தனை கைபேசிகள், எத்தனை நிமிடங்கள், புதிதாக வந்தவையா முன்பே வந்தவையா என்பது மட்டும் இருந்தது. எடை கூட்டுவதற்காகச் சேர்த்த தாள்களை யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். படிப்பதையே தொழிலாகக் கொண்டவரின் மேசைக்கு அவை வந்து சேரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அக்காவின் விரல் ஓரிடத்தில் நின்றது. "உங்க ஹால்ல எத்தனை பேர் போன் வச்சிருப்பாங்க?"

"ஒருத்தரும் வச்சிருக்க முடியாது. கேட்லயே வாங்கிப் பெட்டியில போட்டுடுவாங்க."

"செவ்வாய்க்கிழமை இந்தப் பெட்டியில சேர்ந்த போன் நானூத்திப் பன்னிரண்டு. ஞாயித்துக்கிழமை நூத்தி நாப்பது."

"ஞாயித்துக்கிழமை ஆலையே லீவு," என்றார் மெக்கானிக்.

"ஆளில்லாத ஆலையில ஆவிங்க வீடியோ பார்க்குதா?" என்றார் கண்டக்டர்.

"இன்னும் பாரு. ஒவ்வொரு போனும் அரை மணி, முக்கால் மணி இருக்கு, போயிடுது. மறுநாள் அது வர்றதில்ல. புதுசு புதுசா வருது. ஒரே நாள் வேலைக்கு வந்து முக்கால் மணியில ராஜினாமா பண்ணிட்டுப் போற தொழிலாளி எந்த ஆலையில இருக்காங்க?"

கண்டக்டர் சுவரை விட்டு விலகி நின்றார். "முக்கால் மணி உட்கார்ந்துட்டு, திரும்பிப் பார்க்காம ஓடற இடம்..."

"சொல்லு."

"டோக்கன் வாங்கிட்டுக் காத்திருக்கற இடம் அக்கா."

மருத்துவமனையின் ஸ்கேன் கூடத்தில் அறுபது நாற்காலிகள் இருந்தன. தொண்ணூறு பேர் இருந்தார்கள். எல்லோருடைய தலையும் கைபேசியில் கவிழ்ந்திருந்தது. தூணின் உச்சியில் வெள்ளைப் பெட்டி ஒன்று பச்சை விழியோடு விழித்திருந்தது. கண்டக்டர் ஒரு நாற்காலியின் ஓரத்தில் ஏறி நின்று அதன் மூடியைப் படித்தார். இறங்கியபோது முகம் வாடியிருந்தது.

"அம்பத்திரண்டு."

"சரியாப் பார்த்தியா?"

"பதினஞ்சு வருஷம் ஓடற பஸ்ல கசங்கின நோட்டைப் படிச்சவன் அக்கா நான். அம்பத்திரண்டேதான். நமக்கு வேண்டிய பஸ் இது இல்ல."

மணி பன்னிரண்டரை. இன்னும் மூன்றரை மணி நேரத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் முத்திரை விழப்போகிறது. அக்கா பெட்டியை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். மூடி மங்கி மஞ்சள் பூத்திருந்தது. அதன் மேல் விளிம்பில் ஓராண்டுத் தூசி. ஆனால் மூடியைப் பிடித்திருந்த இரண்டு திருகுகள் மட்டும் புத்தம் புதிதாய் மின்னின.

மூடியின் கீழ் மூலையில் பழுதுக்கு அழைக்க ஓர் எண் இருந்தது. அக்கா அழைத்தார். ஒன்றரை மணிக்கு, தோளில் ஏணியோடு பழுது நீக்குபவர் வந்தார். முகத்தில் மூன்று நாள் தாடி. சட்டைப்பையில் நான்கு திருப்புளிகள்.

"என்ன கம்ப்ளெயின்ட்டும்மா?"

"பெட்டி நல்லா வேலை செய்யுது. அதுதான் கம்ப்ளெயின்ட்."

ஏணிக்காரர் விழித்தார்.

"நான் இருபத்திரண்டு வருஷம் புகார் மேசையில இருந்தவ," என்றார் அக்கா. "வெளியில வேலை பார்க்கற உங்க ஆளுங்க கஷ்டம் எனக்குத் தெரியும். சோதனைக்கு வர்றவன் கீழ நின்னு மூடியில இருக்கற நம்பரை மட்டும்தான் பார்ப்பான். அதனால மூடியை இருந்த இடத்துலயே விட்டுட்டு, உள்ள இருக்கறதை மட்டும் மாத்துவீங்க. அம்பத்திரண்டோட மூடிக்குள்ள யாரு இருக்கறது?"

ஏணிக்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். பிறகு அவரும் சாய்ந்துகொண்டார்.

"இங்க இருந்தது செத்துப் போச்சும்மா. கர்ப்பிணிப் பொண்ணுங்க வீட்டுக்குப் போன் போகலேன்னு கத்தறாங்க. புதுப் பெட்டி கேட்டா ஸ்டாக் இல்லைங்கறான். அந்தத் தையல் ஆலையில ஒண்ணு சும்மா தூங்கிட்டிருந்துச்சு. அங்கதான் போனே கிடையாதே. மூடியை விட்டுட்டு உள்ளதைக் கழட்டிட்டு வந்து மாட்டினேன். நாலு மாசம் ஆச்சு."

"ரெஜிஸ்டர்ல இடம் மாத்தலையா?"

"மாத்தறதுக்கு மூணு கையெழுத்து வேணும். மூணாவது கையெழுத்து போடறவர் ரிட்டயர் ஆயிட்டார். அந்த நாற்காலிக்கு இன்னும் ஆள் போடல."

"ஆளில்லாத நாற்காலியும் ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்குது," என்றார் கண்டக்டர். "அண்ணே, நாலு மணிக்கு வந்து இதையே சொல்லிடுங்க."

ஏணிக்காரரின் முகம் வெளுத்தது. "ரெண்டு பிள்ளைங்க தம்பி எனக்கு. வேலை போயிடும்."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையை உயர்த்தித் தடுத்தார். ஒரு தொழிலாளியைக் காப்பாற்ற இன்னொரு தொழிலாளியைப் பலியிடுவது நீதியாகாது. கழுத்தை மாற்றிக் கயிற்றை மாட்டும் வேலை அது.

"நீங்க வர வேணாம்," என்றார் அக்கா. "உங்க கம்பெனியே வந்து சாட்சி சொல்லும். கண்டக்டர், உன் போன்ல எந்தக் கம்பெனி சிம்?"

"இவங்களோடதுதான். கடன்காரன் மாதிரி தினம் மூணு தடவை கூப்பிட்டு விளம்பரம் பாடறான்."

"நீ இங்கயே உட்காரு. உன் போன் எங்க இருக்குன்னு கம்பெனி சொல்லலாம்னு ஒரு சம்மதக் கடிதம் எழுதிக் கொடு. நான் கூப்பிடற வரைக்கும் எழுந்திருக்காதே."

"ஸ்கேன் ஹால்லயா? நானா?"

"நீதான்."

விசாரணை, ஆலையின் மூன்றாம் மாடி அலுவலக அறையில் நடந்தது. அறைக்கு வெளியே ஒரு சிறு நடைவெளி. அதன் கோடியில் இயந்திரக் கூடத்துக்குப் போகும் அவசரக் கதவு. கதவின் நடுவே ஆளுயரப் பலகை ஒன்று தொங்கியது: 'பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு.'

நடுவில் தொழிலாளர் துறை விசாரணை அதிகாரி. சிரிப்பைச் சிக்கனமாகச் செலவிடும் முகம். வலப்புறம் மேலாளர். அவரருகே மடிக்கணினியும் கழுத்துப் பட்டையுமாகக் கைபேசி நிறுவனத்தின் சான்று அலுவலர். இடப்புறம் மெக்கானிக், அவருக்குத் துணையாகப் புகார் அக்கா.

"உங்க பெட்டி பொய் சொல்லுமா?" அக்கா சான்று அலுவலரிடம் கேட்டார்.

"மனுஷங்கதான் மேடம் பொய் சொல்வாங்க. சிஸ்டம் சொல்லாது."

"அப்போ ஒரு சின்னப் பரீட்சை. இது என் உதவியாளரோட நம்பர். இது அவரோட சம்மதக் கடிதம். இந்த நிமிஷம் அவர் எங்க இருக்கார்?"

அதிகாரி கடிதத்தைப் படித்துத் தலையசைத்தார். சான்று அலுவலரின் விரல்கள் தட்டின. திரையைப் பார்த்தார், மீண்டும் பார்த்தார், நாற்காலியில் நிமிர்ந்தார்.

"முப்பத்தேழாம் பெட்டி. ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கார். சார், அவர் இதே மாடியில, பக்கத்து மெஷின் ஹாலுக்குள்ள இருக்கார்."

"உறுதியா?"

"கம்பெனி முத்திரை போட்டே தர்றேன் சார்."

மேலாளர் துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா சார், இவங்க லட்சணத்தை. வெளி ஆளை உள்ள நுழைச்சிருக்காங்க. வாங்க, கையும் களவுமா பிடிச்சிடலாம். முன்வாசல் சுத்திப் போனா ஓடிடுவான். இப்படி வாங்க."

வெற்றியின் வேகம் மனிதனை எங்கெல்லாம் இழுத்துச் செல்கிறது. மேலாளர் நடைவெளியில் பாய்ந்தார். பாதுகாப்புப் பலகையை ஒரு கையால் தூக்கினார். அதன் பின்னால் உள்ளங்கை அகலப் பூட்டு ஒன்று தொங்கியது. இடுப்பிலிருந்து சாவியை உருவித் திறந்தார்.

"சாவி உங்ககிட்டதான் இருக்கா?" என்றார் பின்னால் வந்த அக்கா, வழிகேட்பவர் போல.

"என்கிட்ட மட்டும்தான். இந்த ஒரு விஷயத்துல நான் யாரையும் நம்பறதில்ல."

கதவு திறந்தது. கூடத்தில் நூற்று எண்பது இயந்திரங்கள் கடகடத்தன. நூற்று எண்பது பெண்கள் நிமிர்ந்தார்கள். ஆண் என்று ஒருவர் அங்கே இல்லை. மேலாளர் மேசைகளுக்கு அடியில் குனிந்து தேடினார்.

அக்கா தம் கைபேசியை உயர்த்தி, ஒலிபெருக்கியைத் திறந்தார். "கண்டக்டர், எங்க இருக்கே?"

முதலில் ஒரு பெண் குரல் அறைந்தது: "டோக்கன் நாப்பத்தாறு, ஸ்கேன் ரூம் ரெண்டு." அதன் பிறகுதான் கண்டக்டர் பேசினார். "ஆஸ்பத்திரியிலதான் அக்கா. சீக்கிரம் முடிங்க. உங்க வீட்டுக்காரம்மா எங்கன்னு இங்க ஆளாளுக்குக் கேக்கறாங்க. கல்யாணமே ஆகாதவன் நான் யாரைக் காட்டறது?"

முன்வரிசைப் பெண் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி, தம் வாழ்நாள் சிக்கனத்தை மீறி, உதட்டின் ஓரத்தால் சிரித்துவிட்டார்.

"மேல பாருங்க சார்," என்றார் அக்கா. சுவரின் உச்சியில், முப்பத்தேழு என்ற எண்ணோடு ஒரு வெள்ளை மூடி. பச்சை விளக்கு எரியவில்லை. அதிகாரி சம்மதிக்க, மெக்கானிக் நாற்காலியில் ஏறி இரண்டு திருகுகளைக் கழற்றி மூடியைக் கையில் எடுத்தார். உள்ளே சுவர் இருந்தது. சுவரைத் தவிர வேறெதுவும் இல்லை.

சான்று அலுவலர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "இதை இடம் மாத்தினது யாரு?"

"உங்க ரெஜிஸ்டரைக் கேளுங்க. நாலு மாசமா அது யாரோட கையெழுத்துக்காகவோ காத்திருக்கு," என்றார் அக்கா. "நாங்க சொல்றது இவ்வளவுதான் சார். செவ்வாய்க்கிழமை இந்தப் பொண்ணோட போன் முப்பத்தேழுல இருந்தது உண்மை. முப்பத்தேழு ஆஸ்பத்திரியில இருந்தது. நாத்தனார் சாட்சி செல்லாதுன்னீங்க. இப்போ கம்பெனி சாட்சியே அவ பக்கம்."

மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, ஏதோ டெக்னிக்கல் தப்பு. விட்டுடலாம். இவங்க வேலைக்கு வரட்டும்."

"விடறதா? கம்பியை அறுத்தது யாருன்னு இன்னும் பேசவே இல்லையே." அக்கா புகார் மனுவை விரித்தார். "உங்க கையெழுத்து இருக்கற மனு. மூணாவது பத்தி. 'முன்படியில் காவலாளி இருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் ஏறவில்லை. ஆகவே குற்றவாளி, சட்டப்படி எப்போதும் திறந்தே வைக்கப்பட்டிருக்கும் அவசரக் கதவின் வழியாகவே நுழைந்திருக்க வேண்டும்.' எப்போதும் திறந்தே வைக்கப்பட்டிருக்கும். இதை நீங்கதானே எழுதினீங்க?"

மேலாளரின் கையில் சாவி இருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு பெண் தன் இயந்திரத்தை நிறுத்தினார். அடுத்தவர் நிறுத்தினார். வரிசை வரிசையாகச் சத்தம் அடங்கி, கூடம் முழுவதும் கேட்கத் தொடங்கியது.

அதிகாரி பலகையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். "முன்படியில யாரும் ஏறல. பின்கதவுக்குச் சாவி உங்ககிட்ட மட்டும்தான். செவ்வாய்க்கிழமை முற்றத்துல நீங்க பேசினது எவ்வளவு நேரம்?"

பதில் நான்காம் வரிசையிலிருந்து வந்தது. "பத்து நிமிஷம் பேசினார் சார். அப்புறம் மைக்கை சூப்பர்வைசர் கையில கொடுத்துட்டு, போன் வந்திருக்குன்னு மேல போனார். முடியறப்பதான் திரும்பி வந்தார்."

"நான் லிஃப்ட்ல என் ரூமுக்குத்தான்..." என்று தொடங்கிய மேலாளர், அலுவலக அறையிலிருந்து அவசரக் கதவுக்கு எத்தனை அடி என்பதைச் சற்று முன்பு எல்லோருக்கும் தாமே நடந்து காட்டியதை நினைத்து, வாக்கியத்தைப் பாதியில் கைவிட்டார்.

அதிகாரி அறையில் திரும்பி உட்காரவில்லை. அங்கேயே, ஒரு தையல் மேசையின் மேல் தாளை வைத்து எழுதினார். எழுதி முடித்து மெக்கானிக்கைப் பார்த்தார்.

"உங்க மேல குற்றம் எதுவும் நிக்காது. சாவி என்கிட்ட இருக்கட்டும். போலீஸ் வந்து இவரைக் கேட்டுக்கட்டும். நீங்க நாளைக்கு வேலைக்கு வரலாம்."

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு சார்? கையில ஒரு வேலை இருக்கே."

மெக்கானிக் மூடியை மேசைமேல் வைத்தார். திருப்புளியை எடுத்துக்கொண்டு அவசரக் கதவை நோக்கி நடந்தார். பூட்டு தொங்கிய இரும்புக் கொண்டியின் முதல் திருகில் நுனியைப் பொருத்தி அழுத்தினார்.

மேலாளருக்குக் கடைசியாக ஒரு குரல் மிச்சமிருந்தது. "அது கம்பெனி சொத்து. யாரைக் கேட்டுக் கழட்டறே?"

"நூத்தி எண்பது பேரைக் கேட்டேன். எல்லாரும் கையெழுத்து போட்டிருக்காங்க."

அதிகாரி பேனாவை மூடாமல் நின்றார். தடுக்கவும் இல்லை. மூன்றாவது திருகு தரையில் விழுந்தபோது, முன்வரிசைப் பெண் தன் இருக்கையை விட்டு எழுந்து வந்து, ஆடத் தொடங்கிவிட்ட கொண்டியை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.